தாத்தாவின் தாளை எரிக்காதீர்கள்!

மும்பையிலும் பெங்களூரிலும் புனேயிலும் டில்லியிலும் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கு இரண்டு வரலாறுகள் உண்டு. ஒன்று பிள்ளைகளுக்குச் சொல்லப்படும் வரலாறு. "ஊரில் நமக்கு நிலபுலன் இருந்தது, பங்காளித் தகராறில் எல்லாம் போயிற்று, தாத்தா மனம் வெறுத்து ரயில் ஏறிவிட்டார்" என்று அது தொடங்கும். மற்றொன்று தகரப்பெட்டியின் அடியில், மஞ்சளேறிய தாள்களில் கிடக்கும் வரலாறு. முதல் வரலாற்றின்படி நாம் எல்லோருமே ஒரு காலத்தில் செல்வாக்காக இருந்தவர்கள். நம்மில் ஒருவர்கூட ஏர் பிடித்த கூலியின் பேரன் இல்லை, தோல் பதனிட்டவரின் பேத்தி இல்லை! அப்படியானால் இந்த நகரங்களின் தோல் தொழிலையும், சாக்கடையையும், பஞ்சாலைப் புழுதியையும், தங்கச் சுரங்கத்தின் இருட்டையும் சுமந்தவர்கள் யார்? வானத்திலிருந்து குதித்தவர்களா?

இந்த இரண்டு வரலாறுகளும் ஒரு நாள் நேருக்கு நேர் மோதிக்கொள்கின்றன. பெரியவர் ஒருவர் இறந்த பிறகு பெட்டியைத் திறக்கும்போது மோதுகின்றன. மகளுக்குச் சான்றிதழ் வாங்கப் பழைய தாள் தேடும்போது மோதுகின்றன. அப்போது வீட்டில் எழும் முதல் குரல், "அதை எரித்துவிடு" என்பதாகத்தான் இருக்கிறது. எரிக்கக் கூடாது என்பதே நமது கருத்து. ஏன் கூடாது என்பதை இந்த இதழில் விரிவாகச் சொல்ல விரும்புகிறோம்.

ஒரு தகரப்பெட்டியின் கதை

அண்மையில் நம் சங்க அலுவலகத்துக்கு ஓர் இளம்பெண் வந்தார். மும்பையில் பிறந்து வளர்ந்தவர். ஆங்கிலப் பள்ளியில் படித்தவர். தமிழ் நன்றாகப் பேசுவார், எழுத்துக்கூட்டக்கூடத் தெரியாது. அவருடைய ஆச்சி இறந்து பதினாறாம் நாள் காரியம் முடிந்து, பெட்டியைத் திறந்திருக்கிறார்கள். உள்ளே ஒரு பழைய வேட்டி, சணல் கயிற்றில் கட்டிய மணியார்டர் ரசீதுகள், இரண்டு அஞ்சலட்டைகள், ஒரு பள்ளிக்கூடச் சான்றிதழ். "இதுல என்ன எழுதியிருக்குன்னு படிச்சுச் சொல்லுங்க மாமா" என்பதுதான் அவர் கேட்ட உதவி.

படித்துச் சொன்னோம். திருநெல்வேலிப் பக்கம் ஒரு கிராமத்து ஆரம்பப் பள்ளியில் 1938-ல் கொடுத்த சான்றிதழ் அது. அதில் இருந்த பெயர் அந்தக் குடும்பத்தில் யாருக்கும் தெரியாத பெயர். ஊர்க் காவல் தெய்வத்தின் பெயர். சாதி என்ற இடத்தில் 'ஆதி திராவிடர்' என்று இருந்தது. ரேஷன் கார்டிலும், மின்சாரப் பில்லிலும், மூன்று தலைமுறைப் பிள்ளைகளின் பள்ளிப் பதிவேட்டிலும் அந்தத் தாத்தா வேறு பெயர்க்காரர். பெயருக்குப் பின்னால் 'பிள்ளை' என்று போட்டுக்கொண்டவர்.

மணியார்டர் ரசீதுகள் 1947 முதல் 1969 வரை. மாதம் தவறவில்லை. எல்லாம் ஒரே பெண்ணின் பெயருக்கு. அவர் யார் என்பதை முதல் அஞ்சலட்டை சொல்லிற்று. எழுதத் தெரியாத தாய்க்காக யாரோ எழுதிக் கொடுத்த அட்டை. பணம் வந்து சேர்ந்தது என்றும், பணம் அனுப்பாவிட்டாலும் பரவாயில்லை, ஒரு தடவை முகத்தைக் காட்டிவிட்டுப் போ என்றும் அதில் இருந்தது. இரண்டாவது அட்டை அந்தத் தாயின் மரணச் செய்தி. அதோடு ரசீதுகளும் நின்றுவிட்டன.

வீட்டில் எல்லோருக்கும் புரியாமல் இருந்த பல விஷயங்கள் அன்று புரிந்தன. அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் எல்லாம் வருடா வருடம் கோயில் கொடைக்கு ஊருக்குப் போகும்; இந்தக் குடும்பம் மட்டும் போனதில்லை. நம் குலதெய்வம் எது என்று பிள்ளைகள் கேட்டால், "திருச்செந்தூர் முருகனுக்கு மேல் என்ன குலதெய்வம்?" என்று தாத்தா பேச்சை மாற்றிவிடுவார். 2005 ஜூலை 26-ல் மும்பையை வெள்ளம் மூழ்கடித்தபோது ஆச்சி பாத்திரம் பண்டத்தை எல்லாம் விட்டுவிட்டு இந்தத் தகரப்பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு பக்கத்துக் கட்டடத்தின் மாடிக்கு ஏறினார். நகை வைத்திருக்கிறார் போலும் என்று எல்லோரும் சிரித்தார்களாம். படிப்பறியாத அந்த அம்மாளுக்கு, பெட்டியில் இருப்பது என்ன என்பது நன்றாகத் தெரிந்திருக்கிறது. அதைக் காப்பாற்ற வேண்டும் என்றும் தெரிந்திருக்கிறது.

அந்தப் பெண்ணோடு வந்திருந்த சித்தப்பா வெகுநேரம் பேசவில்லை. கடைசியில், "அந்தத் தாளை அடுப்புல போட்டுரு. போனவரு போயிட்டாரு. இருக்கிறவங்க மானத்த வாங்காத" என்றார். அவரைக் குற்றம் சொல்ல நாம் தயாராக இல்லை. அவருடைய மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. மாப்பிள்ளை வீட்டார் எந்தப் பெயரை நம்பி நிச்சயம் செய்தார்கள் என்பது அவருக்குத் தெரியும். பெண் மட்டும் சொன்னார்: "எரிச்சா ஐயா பேரும்லா எரிஞ்சிரும், சித்தப்பா."

இந்த இரண்டு பேச்சுக்கும் நடுவேதான் இன்று நம் குடும்பங்கள் பல நின்றுகொண்டிருக்கின்றன.

ஏன் ஒளித்தார்கள்?

தாத்தா பொய் சொன்னார் என்று பேரப்பிள்ளைகளுக்குக் கோபம் வருகிறது. கோபப்படுவதற்கு முன் ஒரு கேள்வி கேட்க வேண்டும். உண்மை சொல்லியிருந்தால் அவருக்கு என்ன கிடைத்திருக்கும்?

1940-களில் பம்பாய்க்கு வந்த ஒரு தமிழ் வாலிபனுக்கு முதலில் வேண்டியது படுக்க ஓர் இடம், பிறகு ஒரு வேலை. அறை வாடகைக்குக் கேட்டால் முதல் கேள்வி, "எந்த ஊர்?" இரண்டாவது கேள்வி, "நீங்க என்ன ஆளுங்க?" ஓட்டல் சமையற்கட்டில் வேலை கேட்டாலும் அதே கேள்விதான். அடுப்பருகே நிற்பவனின் கைத்திறனை யாரும் முதலில் பார்க்கவில்லை. அவன் பெயரின் வாலைத்தான் பார்த்தார்கள். சரியான வால் இருந்தால் சமையற்காரன். இல்லாவிட்டால் எச்சில் இலை எடுப்பவன், அதுவும் பின்வாசல் வழியாக. அந்தத் தாத்தா ஒரு வாலை ஒட்டவைத்துக்கொண்டு அடுப்பருகே போய் நின்றார். அந்த அடுப்பில்தான் மூன்று தலைமுறைக்கும் சோறு வெந்தது.

தீண்டாமையை அரசியல் சட்டத்தின் 17-வது பிரிவு ஒழித்தது. 1955-ல் தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் வந்தது; 1976-ல் அது திருத்தப்பட்டுக் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டமாயிற்று. 1989-ல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் வந்தது. ஆனால், "அறை காலியில்லை" என்று சிரித்துக்கொண்டே சொல்லும் வீட்டுக்காரரை எந்தச் சட்டம் பிடிக்கும்? இன்றுகூட நம் பிள்ளைகள் வாடகை வீடு தேடும்போது "வெஜ்ஜா, நான்-வெஜ்ஜா?" என்று கேட்கிறார்களே, அது சாப்பாட்டைப் பற்றிய கேள்வி மட்டும்தானா?

சாதியை மட்டும் ஒளிக்கவில்லை. தமிழன் என்பதையும் ஒளித்தோம். 1966-ல் பம்பாயில் சிவசேனா தோன்றி, தென்னிந்தியர்களுக்கு எதிராகக் கிளர்ச்சி நடத்தியபோது, வேட்டியை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டுக் கால்சட்டை மாட்டிக்கொண்டவர்கள் உண்டு. 1991 டிசம்பரில் காவிரிப் பிரச்சினையை ஒட்டிப் பெங்களூரில் தமிழர்களின் வீடுகளும் கடைகளும் தாக்கப்பட்டபோது, தமிழ்ப் பெயர்ப் பலகைகளை இறக்கினோம்; பிள்ளைகளிடம், "வெளியே தமிழில் பேசாதே" என்றோம். இலங்கைத் தோட்டங்களிலிருந்து வந்தவர்கள் கதையும் இதுவே. 1964-ல் சாஸ்திரியும் சிறிமாவோவும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது என்று முடிவாயிற்று. தலைமுறை தலைமுறையாகத் தேயிலை பறித்தவர்களை இரண்டு அரசுகள் உட்கார்ந்து பங்கு போட்டுக்கொண்டன. அப்படி வந்து சேர்ந்தவர்களில் சிலர் பிழைப்புத் தேடி வேறு மாநிலங்களுக்கும் போனார்கள். 'சிலோன்காரன்' என்ற பட்டப்பெயருக்குப் பயந்து, பிறந்த மண்ணின் பெயரையே பிள்ளைகளிடம் சொல்லாமல் விட்டவர்களும் அவர்களில் உண்டு.

ஆக, இந்த ரகசியங்கள் எல்லாம் தனி மனிதர்களின் கள்ளத்தனத்தால் பிறந்தவை அல்ல. சமுதாயம் கேட்கக் கூடாத கேள்வியைக் கேட்டது; ஏழை அதற்குப் பொய்யான பதில் சொன்னான். வெட்கப்பட வேண்டியவர் கேள்வி கேட்டவர்.

ஒளித்ததற்குக் கொடுக்கும் விலை

தாத்தாவுக்குச் சோறு போட்ட பெயர் பேரப்பிள்ளைக்குத் தடையாக நிற்பதுதான் இதில் உள்ள கொடுமை. சட்டம் எப்படி வேலை செய்கிறது என்பதை நம் குடும்பங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

அரசியல் சட்டத்தின் 341-வது பிரிவின்படி, தாழ்த்தப்பட்டோர் பட்டியல் மாநிலவாரியாக வகுக்கப்படுகிறது. குடியரசுத் தலைவரின் முதல் ஆணை 10-8-1950 தேதியிட்டது. அந்தத் தேதியில் உங்கள் குடும்பம் எந்த மாநிலத்தில் நிலையாகக் குடியிருந்ததோ, அந்த மாநிலத்துப் பட்டியல்தான் உங்களுக்கு. பிறகு வேறு மாநிலம் போனால் பட்டியல் கூட வராது. இந்த நிலையை 1990-ல் சுப்ரீம் கோர்ட்டின் அரசியல் சட்ட அமர்வு உறுதிப்படுத்தியது. ஆந்திரத்திலிருந்து பம்பாய்க்கு வேலைக்கு வந்த ஒரு பழங்குடித் தந்தையின் மகன் மருத்துவக் கல்லூரியில் இடம் கேட்ட வழக்கு அது. 1994-ல் மகாராஷ்டிரத்தைப் பற்றிய இன்னொரு வழக்கிலும் அதே தீர்ப்பு. 2018 ஆகஸ்டில் டில்லி வழக்கிலும் ஐந்து நீதிபதிகள் இதையே சொன்னார்கள். ஒரு மாநிலத்தில் தாழ்த்தப்பட்டவராக இருப்பவர் வேறு மாநிலத்துக்குக் குடிபோனால், அங்குள்ள மாநில அரசு வேலையிலும் படிப்பிலும் அந்தச் சலுகையைக் கோர முடியாது.

நாமென்ன, விமானம் ஏறி வெளிநாடா போனோம்? ஒரே நாட்டில், ரயிலில் ஒன்றரை நாள் பயணம். ரயிலில் ஏறும்போது தீண்டத்தகாதவன். இறங்கிய இடத்தில் வீடு கேட்டாலும் தீண்டத்தகாதவன். ஆனால் தாசில்தார் கச்சேரியில் மனுக் கொடுத்தால் மட்டும், "நீ இந்த மாநிலத்தில் தாழ்த்தப்பட்டவன் இல்லை" என்று பதில்! இழிவு மாநில எல்லையைத் தாண்டி வருகிறது. உரிமை எல்லையில் நின்றுவிடுகிறது. உள்ளூர் ஒடுக்கப்பட்டோரின் பங்கு குறைந்துவிடக் கூடாது என்று நீதிமன்றம் கருதியது. அந்தக் கவலை நியாயமானது; அவர்கள் நம் உடன்பிறப்புகள், அவர்கள் தட்டிலிருந்து எடுக்க நாம் கேட்கவில்லை. ஆனால் மூன்று தலைமுறையாக இங்கே வரி கட்டி, இங்கே சாகிறவனுக்கு எந்தத் தட்டு என்ற கேள்விக்குப் பாராளுமன்றம்தான் பதில் சொல்ல வேண்டும்.

மகாராஷ்டிரத்தில் உள்ளவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தாழ்த்தப்பட்டோர் சான்றிதழுக்கு 10-8-1950, பிற்படுத்தப்பட்டோர் சான்றிதழுக்கு 13-10-1967. இந்தத் தேதிக்கு முன்பே முன்னோர் இங்கே நிலையாகக் குடியிருந்ததற்கும், அவர்கள் சாதி இம்மாநிலப் பட்டியலில் இருப்பதற்கும் ஆதாரம் காட்ட வேண்டும். பிறகு அந்தத் தாக்லா 'ஜாத் பட்தாளணி' குழுவின் முன் போகும். 1994-ல் சுப்ரீம் கோர்ட் வகுத்துக் கொடுத்த முறையை ஒட்டி, 2000-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த குழு அது. அந்தக் குழு தாத்தாவின் தாளைக் கேட்கும். அப்பாவின் பள்ளிப் பதிவைக் கேட்கும். ஒன்றில் 'ஆதி திராவிடர்', மற்றொன்றில் 'பிள்ளை' என்று இருந்தால் விசாரணை வரும். அந்த விசாரணையில், சுதந்திரத்துக்கு முந்தைய பழைய ஆவணத்துக்கே எடை அதிகம் என்று நீதிமன்றங்கள் சொல்லியிருக்கின்றன. அதாவது, சித்தப்பா அடுப்பில் போடச் சொன்ன அந்த 1938-ஆம் ஆண்டுத் தாள்தான் பேரப்பிள்ளைக்காகப் பேசக்கூடிய ஒரே சாட்சி!

மாநிலச் சலுகை கிடைக்காவிட்டாலும் மத்திய அரசு வேலைகளுக்கும், மத்திய அரசின் கல்வி நிலையங்களுக்கும் சொந்த மாநிலத்துச் சான்றிதழ் செல்லும். தகப்பனாரின் சான்றிதழைக் காட்டினால், குடிபெயர்ந்த மாநிலத்திலேயே பிள்ளைகளுக்குச் சான்றிதழ் கொடுக்கலாம் என்று 1985-லேயே மத்திய அரசு சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. இதைக் கேட்டுப் பெறுவதற்கும் அடிப்படை ஒரு பழைய தாள்தான்.

இதோடு ஓர் எச்சரிக்கையும் வேண்டும். "ஐயாயிரம் கொடு, பத்தாயிரம் கொடு, சான்றிதழ் வாங்கித் தருகிறேன்" என்று சால்களிலும் சந்துகளிலும் திரியும் புரோக்கர்களை நம்பாதீர்கள். பொய்ச் சான்றிதழில் பெற்ற வேலையும் படிப்பும் எத்தனை ஆண்டு கழித்தும் பறிபோகும் என்று 2017-ல் சுப்ரீம் கோர்ட் திட்டவட்டமாகத் தீர்ப்பளித்துவிட்டது. பொய்யான பெயரால் பட்ட துன்பத்தை இன்னொரு பொய்யால் தீர்க்க முடியாது.

பெயர் மாறியது எல்லாம் ரகசியம் அல்ல

பெட்டியில் கிடைக்கும் தாளைப் பார்த்ததும் பதறிவிட வேண்டாம். சில சமயம் குடும்பம் எதையும் ஒளித்திருக்காது. அரசாங்கம்தான் பெயரை மாற்றியிருக்கும். 'சாணார்' என்ற பெயரை விட்டு 'நாடார்' என்று எழுதச் சென்னை அரசாங்கம் 1921-ல் ஒப்புக்கொண்டது. 'பறையர்', 'பஞ்சமர்' என்று எழுதியதை மாற்றி 'ஆதி திராவிடர்' என்று எழுத 1922-ல் ஆணையிட்டது. ஆகவே 1915-ல் எழுதிய பத்திரத்தில் ஒரு பெயரும், 1930-ல் எழுதிய பள்ளிப் பதிவில் வேறு பெயரும் இருந்தால் இரண்டும் ஒரே மக்களைக் குறிக்கலாம். 2021-ல்கூட, தமிழ்நாட்டுப் பட்டியலில் தனித்தனியாக இருந்த ஏழு பெயர்களைத் 'தேவேந்திரகுல வேளாளர்' என்று ஒன்றாக்கிப் பாராளுமன்றம் சட்டம் இயற்றியது. இந்த வித்தியாசம் தெரியாமல், "நம் தாத்தா வேறு யாரோ" என்று கலங்கிப் போகிறவர்கள் உண்டு.

நம் பெயர் முறையும் குழப்பத்துக்குக் காரணம். நமக்கு இனிஷியல்தான் உண்டு, சர்நேம் கிடையாது. மராட்டியப் பள்ளிகளில் 'ஆட்நாவ்' என்ற இடத்தை நிரப்பியாக வேண்டும். ஒரு குடும்பத்தில் மூத்தவனுக்கு அப்பாவின் பெயர் சர்நேம் ஆயிற்று; இளையவனுக்கு ஊர்ப்பெயர் சர்நேம் ஆயிற்று; மூன்றாவது பிள்ளைக்கு ஆசிரியரே ஏதோ ஒன்றை எழுதிவிட்டார். காகிதத்தைப் பார்த்தால் மூவரும் அண்ணன் தம்பிகள் என்று யாரும் நம்பமாட்டார்கள்.

"சாதி வேண்டாம் என்கிறீர்கள், பிறகு ஏன் கிளறுகிறீர்கள்?"

இந்தக் கேள்வியைத் தோழர்கள் கேட்கிறார்கள். நல்ல கேள்வி. சாதி ஒழிய வேண்டும் என்று மேடையில் பேசிவிட்டு, தாத்தாவின் சாதியைத் தாளில் தேடச் சொல்வது முரண்பாடு இல்லையா?

இல்லை. சாதிப் பெயரை விடுவது வேறு. சாதியை மறைப்பது வேறு. 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் நடந்த முதலாவது மாகாண சுயமரியாதை மாநாட்டில் சாதிப் பட்டங்களை விட்டொழிக்கத் தீர்மானம் செய்தார்கள். பட்டம் வைத்திருந்தவர்கள் மேடையிலேயே அதைத் துறந்தார்கள். உயர்வாகக் கருதப்பட்டதைத் தூக்கி எறிந்தார்கள். நம் வீடுகளில் நடந்ததோ இதற்கு நேர் எதிர். தாழ்வாகக் கருதப்பட்டதை ஒளித்துவிட்டு, உயர்வாகக் கருதப்பட்டதை இரவல் வாங்கினோம். வாலை வெட்டுவது சாதிக்கு அடி. அடுத்தவன் வாலை ஒட்டிக்கொள்வது சாதிக்குப் போடும் கும்பிடு. தாத்தா அந்தக் கும்பிடைப் போட்டது வயிற்றுக்காக. நாம் இன்று யாருக்காகப் போடுகிறோம்?

இன்னொரு வழியும் இருந்தது. அதில் நடந்தவர்களும் நம்மவர்களே. 1893-ல் இரட்டைமலை சீனிவாசன் ஒரு பத்திரிகை தொடங்கினார். அதற்கு அவர் வைத்த பெயர் 'பறையன்'. எந்தச் சொல்லைக் கேட்டுத் தலை குனிய வேண்டும் என்று ஊர் எதிர்பார்த்ததோ, அதையே தலைப்பாக அச்சிட்டார். அதே மனிதர்தான் லண்டன் வட்டமேசை மாநாட்டில் அண்ணல் அம்பேத்கருடன் ஒடுக்கப்பட்டோரின் பிரதிநிதியாகப் போய் உட்கார்ந்தார். பெட்டியைத் திறந்து பார்த்து, "ஐயோ, நாம் அவர்களா?" என்று அழும் பேரப்பிள்ளைகளுக்கு இந்த வரலாற்றைச் சொல்ல வேண்டும். நீங்கள் அவமானத்தின் வாரிசுகள் அல்ல, போராட்டத்தின் வாரிசுகள் என்று சொல்ல வேண்டும்.

சில வீடுகளில் வேறு விதமான ரகசியம் வெளிவருகிறது. ஆச்சி ஒரு முஸ்லிம் வீட்டுப் பெண்ணாக இருந்திருப்பார். அல்லது பம்பாயில் தாத்தா கைப்பிடித்த மராட்டியப் பெண்ணாக இருந்திருப்பார். பெயர் மாற்றி, பொட்டு வைத்து, தமிழ் பேசி, யாருக்கும் தெரியாமல் வாழ்ந்து முடித்திருப்பார். அதைக் கேட்டும் சிலர் முகம் சுளிக்கிறார்கள். கலப்பில்லாத ரத்தம் எங்கே இருக்கிறது? இந்தியாவின் 73 மக்கள் குழுக்களின் மரபணுக்களை ஆராய்ந்து, ஐதராபாத் விஞ்ஞானிகளும் அமெரிக்க விஞ்ஞானிகளும் 2013-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். சுமார் 4,200 ஆண்டுகளுக்கு முன்பிருந்து 1,900 ஆண்டுகளுக்கு முன்பு வரை இங்கே மக்கள் பரவலாகக் கலந்தார்கள். அதன் பிறகுதான் தங்களுக்குள்ளேயே மணம் செய்யும் வழக்கம் இறுகியது என்பது அதன் முடிவு. பூட்டுப் போட்டது பிற்பாடு. அதற்கு முன்பே எல்லோரும் கலந்தாகிவிட்டது.

கல்யாணம் பேசியிருக்கும் சித்தப்பாமார்களுக்கும் ஒரு வார்த்தை. மாப்பிள்ளை வீட்டாரிடம் போய்ச் சொல்லிவிடுங்கள். அது எளிதல்ல என்பது நமக்குத் தெரியும். நிச்சயித்த கல்யாணம் நின்றுகூடப் போகலாம். ஆனால் இப்போது தெரிந்தால் நிற்கப்போவது கல்யாணம். பிறகு தெரிந்தால் துன்பப்படப்போவது உங்கள் பெண். தாத்தாவின் பெயரைக் கேட்டதும் எழுந்து போகிறவர்கள், நாளைக்கு உங்கள் பேரக்குழந்தையை எந்த மடியில் வைத்துக் கொஞ்சுவார்கள்? சொன்ன பிறகும் உட்கார்ந்திருக்கும் வீடுதான் பெண் கொடுக்கத் தகுந்த வீடு.

எங்கே தேடுவது?

பெட்டி இல்லாத குடும்பங்களும் மனம் தளர வேண்டாம். தாத்தா படித்த கிராமத்துப் பள்ளியின் சேர்க்கைப் பதிவேடு முதல் இடம். ஊரில் ஒரு சென்ட் நிலமோ குடிசையோ விற்றோ வாங்கியோ இருந்தால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரத்தின் நகல் கேட்கலாம். பழைய பத்திரங்களில் தகப்பனார் பெயர், ஊர், சாதி, தொழில் எல்லாம் எழுதுவது வழக்கம். பிறப்பு இறப்புப் பதிவுகள் உண்டு. திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரிப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்கள் கோயில் ஞானஸ்நானப் பதிவேட்டைப் பார்க்கலாம். இதில் ஒரு சிக்கல் உண்டு. 1950 ஆணை முதலில் இந்துக்களுக்கு மட்டும் இருந்தது, 1956-ல் சீக்கியர்களையும் 1990-ல் பௌத்தர்களையும் சேர்த்தார்கள், கிறிஸ்தவர்களைச் சேர்க்கவில்லை. தமிழ்நாட்டில் மதம் மாறிய தாழ்த்தப்பட்டோர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார்கள். ஆக, தாத்தாவின் ரகசியம் சாதியைப் பற்றியது மட்டுமல்ல, மதத்தைப் பற்றியதாகவும் இருக்கலாம்.

குடியேறிய ஊரிலும் தேட வேண்டும். பஞ்சாலை, துறைமுகம், ரயில்வே, மாநகராட்சித் துப்புரவுப் பிரிவு, கோலார் தங்க வயல் போன்ற இடங்களில் வேலை பார்த்தவர்களின் சர்வீஸ் புத்தகம், பழைய ரேஷன் கார்டு, வாடகை ரசீது, 1950-களின் வாக்காளர் பட்டியல் எல்லாம் ஆதாரமே. கிடைத்த தாளை லேமினேஷன் செய்யாதீர்கள். பழைய காகிதம் சூட்டில் கெட்டுவிடும். நகல் எடுத்துக்கொண்டு, மூலத்தை ஈரம் படாமல் வையுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, உயிரோடு இருக்கும் பெரியவர்களிடம் கேளுங்கள். குலதெய்வம் எது, கொடை எந்த மாதம், யார் யாருக்குப் பணம் அனுப்பினீர்கள் என்று கேளுங்கள். நீதிபதி மாதிரி விசாரிக்காதீர்கள். "எங்களுக்கு வெட்கமில்லை, தாத்தா. சொல்லுங்க" என்று முதலில் சொல்லிவிட்டுக் கேளுங்கள்.

நாம் செய்ய வேண்டியது

அந்தத் தகரப்பெட்டிக்குப் பூட்டு இருந்ததா என்று அந்தப் பெண்ணிடம் கேட்டோம். இல்லையாம், கொண்டி மட்டும்தானாம். ஐம்பது வருடம் திறந்து கிடந்த பெட்டியில் இருந்த தாளை ஏன் யாரும் படிக்கவில்லை? படிக்கத் தெரியவில்லை. தமிழ் எழுத்துத்தான் பூட்டாக இருந்திருக்கிறது! நம் பிள்ளைகளுக்குத் தமிழ் படிக்கக் கற்றுக்கொடுக்காவிட்டால், நம் குடும்பங்களின் எல்லாப் பெட்டிகளும் நிரந்தரமாகப் பூட்டப்பட்டுவிடும். ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பைக் கலாசாரப் பொழுதுபோக்கு என்று நினைப்பவர்கள் இதை யோசிக்கட்டும். அது நம் சொத்துப் பத்திரத்தைப் படிக்கும் படிப்பு.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சாதியும் கேட்கப்படும் என்று 2025 ஏப்ரலில் மத்திய அரசு அறிவித்தது. அந்தக் கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1-ஐக் கணக்கு நாளாகக் குறித்தார்கள். 1931-க்குப் பிறகு எல்லாச் சாதிகளையும் முழுமையாக எண்ணி வெளியிட்ட கணக்கெடுப்பு இல்லை. கணக்கெடுப்பாளருக்கு நாம் சொல்லும் பதில்தான் இந்த நகரங்களில் நாம் எத்தனை பேர், எப்படி வாழ்கிறோம் என்பதற்கு ஆதாரமாகும். இரவல் பெயரைச் சொன்னால், கணக்கிலும் நாம் இரவல் மனிதர்களாகவே இருப்போம்.

ஆகவே நாம் கேட்பது இவை:

1. பிழைப்புக்காக மாநிலம் மாறிய தாழ்த்தப்பட்ட, பழங்குடிக் குடும்பங்களுக்கு, உள்ளூர் மக்களின் பங்கைக் குறைக்காமல், கல்வியிலாவது உரிய இடம் கிடைக்கப் பாராளுமன்றம் சட்டம் செய்ய வேண்டும்.

2. பெயர் மாற்றத்தாலும் இனிஷியல் குழப்பத்தாலும் வரும் முரண்பாடுகளை மோசடி என்று கருதாமல், பழைய ஆவணங்களைக் கொண்டு தீர்க்க எளிய வழிமுறை வேண்டும்.

3. வெளிமாநிலத் தமிழர்கள் ஊருக்கு அலையாமல் பழைய பள்ளிப் பதிவுகளையும் பத்திர நகல்களையும் பெறத் தமிழ்நாடு அரசு முக்கிய நகரங்களில் உதவி மையங்கள் திறக்க வேண்டும்.

அரசாங்கங்கள் செய்கிறபோது செய்யட்டும். நம் வீட்டில் நாம் செய்ய வேண்டியதற்கு எந்த ஆணையும் தேவையில்லை. பெட்டியை இறக்குங்கள். தாளை வெளியே எடுங்கள். பிள்ளைகளை உட்காரவைத்து வாய்விட்டுப் படியுங்கள். தாத்தாக்கள் உயிரோடு இருந்தபோது அவர்கள் பெயரைச் சொல்ல ஊர் விடவில்லை. இறந்த பிறகாவது பேரப்பிள்ளைகள் அதை உரக்கச் சொல்லட்டும்!